கலங்கல் இல்லாத ஐம்பத்து மூன்று மாலைகள்

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் நான் மாணவன். ஐம்பத்தோரு வயதில். பொறுப்பு இயக்குநர் பழனிக்குமார் அறைக்குக் கூப்பிட்டு, மெர்லின் மேடத்துடன் உட்கார்ந்து மிஷின் லேர்னிங் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். விருப்பமா என்று கேட்கவில்லை. நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவனிடம் அதையெல்லாம் கேட்பார்களா?

மெர்லினுக்கு முப்பது வயது. மார்த்தாண்டத்துப் பெண். இயற்பியலில் முனைவர். மூன்று வருடத் திட்டப் பணியில் வந்தவர், அது மார்ச் கடைசியில் முடிகிறது. தினமும் என்ன கற்றேன் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த நோட்டில் நல்ல பிள்ளையாக எழுதுகிறேன். இது வேறு நோட்டு, எனக்கு மட்டும்.

முதல் பாடமாக, என் வேலை என்ன என்பதை இயற்பியல் தெரியாதவருக்குப் புரியும்படி எழுதச் சொன்னார். எழுதியது இது: "எங்கள் நிலையம் கோவில்பட்டியிலிருந்து பதினான்கு கிலோமீட்டரில் வெள்ளப்பாறையில் இருக்கிறது. கால் மணிக்கு ஒரு முறை இங்கிருந்து வானத்துக்கு ரேடியோ அலை அனுப்புவோம். மேலே மின்னூட்டம் பெற்ற காற்று ஓர் அடுக்காக நிற்கிறது. அலை அதில் பட்டுத் திரும்பும். திரும்பியது திரையில் ஒரு கோடாக வரும். கோடு சுத்தமாக இருந்தால் அடுக்கு அமைதி. ஈரத் தாளில் மை ஊறியதைப் போலப் பரவியிருந்தால் அடுக்கு கலங்கியிருக்கிறது, அன்று செயற்கைக்கோள் சைகைகள் தடுமாறும். படத்தைப் பார்த்து அடுக்கின் உயரம் எத்தனை கிலோமீட்டர், தெளிவா கலங்கலா என்று எழுதுபவன் நான்."

மெர்லின் படித்துவிட்டு, இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை என்றார். சும்மா சொன்னாரோ என்னவோ.

ஜனவரி 9

முதல் புரோகிராம். நான்கு வரி. இரண்டாவது வரியில் இடம் விட மறந்ததால் ஓடவில்லை. ஒரு வெற்றிடத்துக்காக ஒன்றேகால் மணி நேரம் போனது. வீட்டில் சொன்னேன். மகள் சுபிக்‌ஷா பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். "அதெல்லாம் நாங்க பதினொண்ணுலயே முடிச்சிட்டோம்பா" என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

மேல்தொட்டி மோட்டார் மறுபடி ஏர் பிடித்துக்கொண்டது. நாளைக்கு ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 20

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் உண்மையான பாடம். இயந்திரத்துக்கு யாரும் விதி சொல்லித்தருவதில்லையாம். படத்தையும் விடையையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டுவார்களாம், அதுவே பிடித்துக்கொள்ளுமாம். ஐந்தில் நான்கு பங்கு படங்களைக் காட்டிப் பழக்கி, மிச்சம் ஒரு பங்கை விடை காட்டாமல் கொடுத்துப் பரீட்சை வைப்பார்களாம். பரிசோதனைக்கு 2005 முதல் 2009 வரையான மாலை நேரப் படங்களை எடுத்திருக்கிறார், பதினாலாயிரத்துச் சொச்சம். பொழுது சாய்ந்ததும்தான் அடுக்கு மேலே ஏறும், கலங்கும். அதனால் மாலை.

விடை யாருடையது? என்னுடையது. அந்த ஐந்து வருட மாலைகளில் முக்கால்வாசிக்கு மேல் நான் வாசித்தவை. வாசித்தவர் என்ற இடத்தில் எல்லாம் "வே.பெ." என்று இருக்கிறது. வேலாயுதப்பெருமாள். மெர்லின் சொன்னார்: "இந்த மிஷின் உங்க கண்ணைத்தான் சார் படிக்கப் போகுது." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. முதல் முயற்சியிலேயே.

தப்பான படங்கள் எங்கே விழுகின்றன என்று மெர்லின் மாதவாரியாக ஒரு கிராஃப் போட்டார். எல்லா மாதத்திலும் கொஞ்சம் கொஞ்சம். 2007 ஜூன், ஜூலையில் மட்டும் ஒரு மேடு, தனியாக நின்றது. நான் கலங்கல் இல்லை என்ற மாலைகளை எல்லாம் இயந்திரம் கலங்கல் என்கிறது.

அந்தச் சமயத்தில் ஆன்டெனா கம்பி மாற்றினோம், அதனால் படம் வேறு மாதிரி வந்திருக்கும் என்றேன். மெர்லின் குறித்துக்கொண்டார். கம்பி மாற்றியது 2007ஆ 2008ஆ என்பது சரியாக நினைவில்லை.

மனைவி ஆவுடை மளிகைப் பட்டியல் கொடுத்திருந்தாள். பாதிச் சாமானை மறந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 28

மெர்லினுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் என் விடையும் இயந்திரத்தின் விடையும் ஒத்துப்போகாத படங்கள் முந்நூற்றுப் பதினொன்று. அவற்றை ஒவ்வொன்றாக என் திரையில் காட்டுவார். மனிதன் சரி என்றால் ஒன்றை அமுக்க வேண்டும், இயந்திரம் சரி என்றால் இரண்டு. இந்த நிலையத்தில் இதற்குத் தகுதியானவர் நீங்கள்தான் என்றார்.

பழைய படங்களைத் தோண்டுவதில் என்ன லாபம் என்று கேட்டுப் பார்த்தேன். தப்பிலிருந்துதான் இயந்திரம் அதிகம் கற்கும் என்றார்.

ஜனவரி 31

முடித்துக் கொடுத்துவிட்டேன். முந்நூற்றுப் பதினொன்றில் இருபத்தெட்டை இயந்திரத்துக்குக் கொடுத்தேன். ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்தால் நன்றாக இருக்காது.

கழுத்து வலி. கண்ணாடி பவர் ஏறியிருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

நிபுணர் சரிபார்த்த படம் என்பதால் என் முந்நூற்றுப் பதினொன்றுக்கும் மெர்லின் நூறு மடங்கு கூடுதல் மதிப்புக் கொடுத்து இயந்திரத்தை மறுபடி பழக்கினார். ஏற வேண்டிய மதிப்பெண் எண்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. அது மட்டுமில்லை. நேற்று மாலை எடுத்த புதுப் படங்களைக் கொடுத்தோம். வெளியே நின்று பார்க்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும் கலங்கல். இயந்திரம் தெளிவு என்றது.

மெர்லின் நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வேலை எதுவும் இல்லை. ஜெனரேட்டர் கொட்டகை வரை நடந்து, டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். இருந்தது.

பிப்ரவரி 12

மார்ச் 14-ஆம் தேதி கமிட்டி வருகிறது. மூன்று பேர். இயந்திரம் தேறினால் மெர்லினின் திட்டம் நீளும். இல்லையென்றால் மார்ச்சோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்குத் திரும்பிப் போவாராம். அங்கே வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு, ஆராய்ச்சி என்ற பேச்சே கிடையாது. இதை அவர் என்னிடம் முறையிடவில்லை. தேதி விசாரித்தபோது தானாக வந்த பேச்சு.

இந்தப் பெண் ஏன் எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிறது?

பிப்ரவரி 15, சனி

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் எங்காவது போகத் தோன்றுகிறது. சைக்கிள் ரிம்மைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். ஆவுடை, என்ன யோசனை என்று கேட்டாள். வயசான காலத்தில் படிப்பு ஏறவில்லை என்றேன்.

2007 சாதாரண வருடமா? சுபிக்‌ஷா பிறந்த வருடம். ஆவுடைக்கு ரத்த அழுத்தம் ஏறி டாக்டர் பயமுறுத்தியிருந்தார். கூட இருந்த வாசிப்பாளரை வேறு நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மனிதன் எத்தனை இடத்தில் இருக்க முடியும்? அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் சில படங்களை அவசரமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

இந்த இரண்டு வாரத்தில் மெர்லின் புரோகிராமை மூன்று தடவை புதிதாக எழுதியிருக்கிறார். நேற்று ஒரு பிழை கண்டுபிடித்துக் குதித்தார். உயரத்தையும் அலைவரிசையையும் ஓரிடத்தில் இடம் மாற்றியிருந்தாராம். திருத்தி ஓட்டினோம். எண்பத்தாறரை.

இன்று கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்க, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சாரி சார். நீங்க இருபத்திரண்டு வருஷமா பாக்கிறதை மிஷினுக்குச் சொல்லிக்குடுக்க எனக்குத் தெரியல. தப்பு எங்கிட்டதான் இருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பரவாயில்லை மேடம் என்றேன். பரவாயில்லையாம். வாயில் வந்த வார்த்தையைப் பார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

லேபுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. ஆறு வாரமாகக் கற்றதை வைத்து நானே தனியாக ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசை. யார் உதவியும் இல்லாமல் படங்களை ஏற்றி, பிரித்து, பழக்கி, மதிப்பெண் வாங்கும் வரை வந்துவிட்டேன். வரிக்கு வரி பிழை காட்டியது, வரிக்கு வரி திருத்தினேன். இந்த வயதிலும் ஒரு புதுச் சாமானைக் கையில் பிடித்து வேலை வாங்க முடிகிறது என்பதில் ஒரு பெருமை வந்தது.

2007 ஜூன் 11 முதல் ஆகஸ்ட் 2 வரை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினேன். என் சரிபார்ப்பையும் சேர்க்கவில்லை.

தொண்ணூற்று ஆறரை. இந்த வாரப் புதுப் படங்களில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

ஃபைலை அழித்துவிட்டேன். சர்வரில் இடம் குறைவாக இருக்கிறது.

பிப்ரவரி 24

இடமெல்லாம் நிறைய இருக்கிறது. எதற்கு இந்த நோட்டிலும் பொய்?

எழுதிவிடுகிறேன். ஐம்பத்து மூன்று மாலை. மாலைக்கு எட்டுப் படம். நானூற்று இருபத்து நான்கு. ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. 2006-ஆம் வருடத்தின் அதே தேதியை எடுத்து, உயரத்தில் ஐந்து கிலோமீட்டர் கூட்டியோ குறைத்தோ பதிவேட்டில் ஏற்றினேன். கலங்கல் இருந்த இடத்தில் எல்லாம் தெளிவு என்று போட்டேன். கலங்கல் என்று எழுதினால் எந்த வகை, எத்தனை மணி முதல், எத்தனை மணி வரை என்று இன்னும் மூன்று கட்டம் நிரப்ப வேண்டும். தெளிவு என்றால் ஒரே எழுத்தோடு போச்சு.

பார்க்க முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் எங்கள் நிலையத்தில் காலிக் கட்டம் என்பது அவமானம். அப்போது இயக்குநராக இருந்த நீலமேகம் சார் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, வெள்ளப்பாறைப் பதிவேட்டில் ஒரு காலிக் கட்டம்கூடக் கிடையாது என்று வாசிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டினேன், என் பெயரைச் சொன்னபோது எழுந்தும் நின்றேன்.

ஆவுடையின் உடம்பைக் காரணமாகப் பதினைந்தாம் தேதி எழுதியிருக்கிறேன். அதுவும் சரியில்லை. ஆவுடை வைகாசியிலேயே எட்டயபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த நாட்களில் நான் அங்கே போனது இரண்டே தடவை. என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வருவாய்த் துறை வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் காரணம். ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தோற்று, மாமனார் வீட்டில் அதை வைத்து ஒரு வருடம் சிரித்தார்கள். மூன்றாவது முறை யாரிடமும் சொல்லவில்லை. நாலரை மணிக்குக் கருவியைச் சரிபார்த்து ஓடவிட்டுவிட்டு, பஸ் ஏறி டவுன் நூலகத்துக்குப் போய் எட்டு மணி வரை படிப்பேன். அன்றைய வாசிப்பு அன்றே பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஆகஸ்ட் 5 தேர்வு. பாஸ் ஆகவில்லை.

மார்ச் 1, சனி

மெர்லின் கமிட்டிக்கு அனுப்ப ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார். "இந்த இடத்தின் படங்களுக்கு இம்முறை பொருந்தவில்லை" என்று முடிகிறது. திட்டத்தைத் தாமே விலக்கிக்கொள்வதாகவும் ஒரு வரி. என்னிடம் கொடுத்து, திங்கட்கிழமை அனுப்பப் போகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

தவறு இருந்தால் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 2

கோழி எடுத்தோம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் கணினியைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். நேற்று முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. 2007-இல் அந்த ஐம்பத்து மூன்று மாலையும் நான் படத்தைப் பார்க்காமலே எழுதியவை, ஜனவரியில் சரிபார்த்துக் கொடுத்ததும் பொய், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை நீக்கி ஓட்டினேன், தொண்ணூற்று ஆறரை வந்தது, அதையும் அழித்துவிட்டேன் என்று மளமளவென்று கொட்டினேன். மெர்லின் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

நான் எதிர்பார்த்த எதையும் கேட்காமல், "அது உங்க பொண்ணு பிறந்த சமயம்ல சார்? வீட்ல கஷ்டமா இருந்திருக்கும்" என்றார்.

கதவைத் திறந்து வைத்து உள்ளே வா என்றதைப் போல இருந்தது. போயிருக்கலாம்.

"இல்ல மேடம். அவ அம்மா வீட்ல இருந்தா. நான் லைப்ரரில உக்காந்து வேற வேலைக்குப் படிச்சேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். கணக்குப் பார்க்கும் முகம் அது. பிழையைத் தேடும்போது திரையைப் பார்ப்பாரே, அதே பார்வை என் மேல் விழுந்தது.

"ஐம்பத்து மூணு நாள்தான்னு எனக்கு எப்படித் தெரியும் சார்?"

நான் சொல்கிறேனே என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அதன் அபத்தம் எனக்கே தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் மிச்சமெல்லாம் ஒழுங்காகப் பார்த்தவை. காய்ச்சலோடு பார்த்திருக்கிறேன். அப்பா இறந்த பதினோராம் நாள் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்து எழுதிய எண்ணும் பாராமல் எழுதிய எண்ணும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டுக்கும் கீழே வே.பெ.

மார்ச் 5

இருபத்திரண்டு வருடத்திலிருந்தும் அங்கங்கே எடுத்த அறுநூறு படம். தேதி, நேரம், பழைய விடை எல்லாவற்றையும் மெர்லின் மறைத்திருக்கிறார். நான் ஓர் அறையில் தனியாக வாசிக்க வேண்டும். அவர் அடுத்த அறையில் அதே படங்களைத் தனியாக வாசிப்பார். பிறகு இரண்டையும் பதிவேட்டோடு ஒப்பிடுவார். என் போனை வெளியே வைக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டில் மகளுக்குப் பொதுத்தேர்வு. இங்கே எனக்கு.

மார்ச் 8

அறுநூறும் முடிந்தது. முப்பத்தோரு படத்தில் தெரியவில்லை என்று எழுதினேன். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் கை தயங்கியது. எங்கள் பதிவேட்டில் அந்த வார்த்தையை நான் எழுதியதே இல்லை.

மார்ச் 10, திங்கள்

மெர்லின் கூப்பிட்டுக் காட்டினார். வருடவாரியாக ஒரு கிராஃப். என் இன்றைய வாசிப்பும் மெர்லினின் வாசிப்பும் என் பழைய பதிவும் எல்லா வருடத்திலும் ஒட்டிக்கொண்டே போகின்றன. 2007-இல் மட்டும் பழைய பதிவு பிய்த்துக்கொண்டு தனியாக நிற்கிறது. "மத்ததெல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். சார் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஐம்பத்து மூன்று மாலையையும் நீக்கிப் பழக்கியாயிற்று. தொண்ணூற்று ஆறு புள்ளி எட்டு. திட்டத்தை விலக்கிக்கொள்ளும் அந்த அறிக்கையை அவர் அனுப்பவேயில்லை.

கண்ணில் நீர் வந்துவிட்டது. பாத்ரூம் போய் முகம் கழுவினேன்.

மார்ச் 11

இயக்குநருக்கு மெர்லின் சொல்லித்தானே ஆக வேண்டும். நானும் கூடப் போனேன். பழனிக்குமார் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். என்னைத் திட்டுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. அந்த வருடப் பதிவை வைத்து யார் யார் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் நிலையத்தின் பெயர் என்னாகும் என்றுதான் யோசித்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். அறிக்கையில் "கருவிக் கோளாறு காரணமாக அந்நாட்கள் நீக்கப்பட்டன" என்று ஒரு வரி. அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். மெர்லினுக்கும் திட்டம் நீளும், பெருமாளுக்கும் ஓய்வு வரை தொந்தரவு இல்லை.

வெளியே வந்ததும் மெர்லின், அந்த வரியைப் போடுவதா வேண்டாமா என்று தன்னால் முடிவு செய்ய முடியவில்லை என்றார். எனக்கும் அவருக்கும் இப்போது ஒரே வியாதி. தொற்ற வைத்தவன் நான்.

மார்ச் 13

சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். வாங்க மறந்து, திரும்பப் போய் வாங்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

மூன்று பேர் கமிட்டி. இருவர் ஆண்கள், ஒருவர் பெண். மெர்லின் நன்றாகப் பேசினார். நான் பின் வரிசையில், கேட்டால் கருவியை விளக்குவதற்காக உட்கார்ந்திருந்தேன். அறிக்கையில் இயக்குநர் சொன்ன வரிதான் இருந்தது.

அந்தப் பெண்மணி பக்கத்தைப் புரட்டி நிறுத்தி, ஐம்பத்து மூன்று நாள் கோளாறு என்றால் சின்ன விஷயம் இல்லையே, என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேட்டார். மெர்லின் வாயைத் திறந்தார், மூடினார். பழனிக்குமார் தொண்டையைச் செருமினார். இன்னொரு நொடி விட்டிருந்தால் மெர்லின் ஏதாவது ஒன்றை நிரப்பியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். முதல் தடவை நிரப்பும்போது அப்படித்தான் இருக்கும், ஒரு நொடிதான்.

எழுந்து நின்றேன். "கருவி நல்லாத்தான் இருந்தது மேடம். படம் எல்லாம் பத்திரமா இருக்கு. வாசிக்க வேண்டியவன் நான். நான் பாக்காமலே எழுதிட்டேன்."

பிறகு நிறையப் பேசினார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் நின்றேன்.

திட்டத்துக்கு ஒரு வருடம் நீட்டிப்பு. அந்த ஐம்பத்து மூன்று மாலையை மெர்லினும் வெளியிலிருந்து ஒருவரும் வாசிப்பார்கள். அவற்றைப் பயன்படுத்திய கட்டுரைக்காரர்களுக்குக் கடிதம் போகும். எனக்கு மெமோ வரும். விசாரணை முடியும் வரை நான் படம் வாசிக்கக் கூடாது. மெர்லின் வெளியே வந்து இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நன்றி சொல்வாரோ என்று உள்ளுக்குள் எங்கோ எதிர்பார்த்திருக்கிறேன் போல. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

மார்ச் 15, சனி

ஆவுடையிடம் சொன்னேன். மெமோ வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். அதை அவள் பிரித்துப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல்.

முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சுபிக்‌ஷா உள்ளே கதவைச் சாத்திப் படித்துக்கொண்டிருந்தாள். இயந்திரம், கமிட்டி, மெர்லின் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் விவகாரம் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். வேலை போயிருமா என்றாள். போகாது, சம்பள உயர்வை நிறுத்தலாம் என்றேன். போகட்டும், அந்தப் பிள்ளைக்கு வேலை நிலைச்சுதே, அது போதும் என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு, எந்த வருடம் என்று கேட்டாள்.

இரண்டாயிரத்து ஏழு, ஜூன் ஜூலை என்றேன். படங்களைப் பார்க்காமல் எங்கே போனேன் என்பதையும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"அப்பதான் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னு டாக்டர் படுக்கப் போட்டிருந்தாரு. வாங்க, பயமா இருக்குன்னு நான் போன் போட்டப்பல்லாம், மிஷினை ஒரு சாயங்காலம்கூட விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்னீக."

ஆமாம் என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு பாக்கிற வேலை அப்படின்னு எங்க அம்மாட்ட பெருமையாச் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதையும் சொல்லி நிரப்பவில்லை. கீரை முழுவதையும் உருவி முடித்துவிட்டு, காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.